பெயர்ப் பலகையைக் குற்றம் சொல்லாதே

கொருக்குப்பேட்டை

அன்புள்ள மலர்விழி,

உன் கட்டுரை வரைவு வந்து சேர்ந்தது. நிதானமாகப் படித்தேன். உழைத்திருக்கிறாய். ஆனால் முதல் பத்தியிலேயே ஒரு வாக்கியம் என்னை மேலே போக விடவில்லை. ‘டூன் டிஸ்னி என்ற பெயரை மாற்றிய நாளிலேயே அந்த சேனல் செத்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறாய். இதைப் பலர் சொல்லிக் கேட்டுச் சலித்துப் போயிருக்கிறேன். ஜெட்டிக்ஸ் போச்சு, எங்கள் சின்ன வயசே போச்சு என்று முப்பதைத் தாண்டியவர்கள் புலம்பினால் புலம்பிவிட்டுப் போகட்டும். நீ ஊடகம் படிக்கிற பெண். ஆற்றாமையைக் காரணம் என்று எழுதக் கூடாது.

பிராண்ட் என்றால் என்ன, லோகோ எதற்கு என்றெல்லாம் உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தேதிகளை மட்டும் வரிசையாக வைத்துக்கொள். டூன் டிஸ்னி இந்தியாவுக்கு வந்தது 2004 டிசம்பரில். வரும்போதே தமிழும் தெலுங்கும் பேசிக்கொண்டு வந்தது. ஜெட்டிக்ஸ் இங்கே தனி சேனல் இல்லை. டூன் டிஸ்னிக்குள் சண்டைத் தொடர்களுக்கென்று ஒதுக்கிய நேரம் அது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதாதே. 2009 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று டூன் டிஸ்னியின் பெயர் டிஸ்னி எக்ஸ்டி ஆனது. 2019 ஜனவரியில் மார்வெல் எச்க்யூ. 2022 மார்ச்சில் சூப்பர் ஹங்காமா. பதினெட்டு வருஷத்துக்குள் மூன்று பெயர் மாற்றம். இதைப் பார்த்தால் பெயர்தான் குற்றவாளி என்று யாருக்கும் தோன்றும். உனக்கும் தோன்றிவிட்டது.

பெயரே மாறாமல் மறைந்த சேனல்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்? பிரிட்டனில் டிஸ்னி சேனல் கடைசிவரை டிஸ்னி சேனலாகவே இருந்தது. 2020 செப்டம்பர் முடிவில் மூடிவிட்டார்கள். அதன் தொடர்களை டிஸ்னி பிளஸ் என்ற செயலிக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே கார்ட்டூன் நெட்வொர்க் 1995 மே முதல் தேதி வந்ததிலிருந்து அதே பெயரில்தான் ஓடுகிறது. அதைப் பற்றியும் நீங்கள் இதே புலம்பலைத்தானே புலம்புகிறீர்கள்?

நம் கூட்ஸ் ஷெட்டில் கிடங்கின் பலகையை மாற்றி எழுதினால் உள்ளே இருக்கிற மூட்டை மாறிவிடாது. எந்த சேனலைப் பற்றி எழுதினாலும் முதலில் மூட்டையைப் பார். 1991-இல் டெட் டர்னர் ஹன்னா-பார்பெரா நிறுவனத்தை வாங்கினார். எம்ஜிஎம்மின் பழைய படங்கள், டாம் அண்ட் ஜெர்ரி உட்பட, அதற்கு முன்பே அவர் கைக்கு வந்திருந்தன. சரக்கைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் 1992 அக்டோபரில் கார்ட்டூன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். கிடங்கு முதலில் வந்தது, சேனல் அப்புறம்.

டூன் டிஸ்னியின் மூட்டை எது? அலாதீன் இருந்தது, டீமோன்-பும்பா இருந்தது. ஆனால் அந்த சேனல் கிடைத்த பிறகு நம் தெருப் பையன்களை அங்கே இழுத்தது பவர் ரேஞ்சர்ஸ். அது கார்ட்டூனே இல்லை என்பதை உன் கட்டுரையில் ஓரிடத்தில்கூட நீ சொல்லவில்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஜப்பானில் டோயெய் நிறுவனம் 1975-இல் சண்டைக் குழுத் தொடர்களை எடுக்கத் தொடங்கியது. பெரும்பாலும் ஐந்து பேர், ஆளுக்கொரு நிறம், முகத்தை முழுக்க மூடும் ஹெல்மெட். 1993-இல் ஹைம் சபான் என்பவர் அந்தச் சண்டைக் காட்சிகளை அப்படியே வாங்கிக்கொண்டார். ஹெல்மெட் இல்லாத காட்சிகளை அமெரிக்க நடிகர்களை வைத்துப் புதிதாக எடுத்து இரண்டையும் ஒட்டினார். அதுதான் பவர் ரேஞ்சர்ஸ். 2001-இல் ஃபாக்ஸ் ஃபேமிலி நிறுவனத்தை டிஸ்னி வாங்கியபோது இதுவும் கூடவே போனது. டிஸ்னி படப்பிடிப்பை நியூசிலாந்துக்கு மாற்றியது. எஸ்.பி.டி. பாகம் என்று உங்கள் தலைமுறை உருகுகிறதே, அதன் சண்டைக் காட்சிகள் ஜப்பானில் 2004-இல் வந்த டெக்காரேஞ்சரில் எடுத்தவை. ஜப்பானிய உடம்பு, ஆங்கிலம் பேசும் முகம், நியூசிலாந்து மலை. இத்தனைக்கும் மேலே தமிழ்க் குரல்.

அந்தத் தமிழ் எப்படி அவ்வளவு பாந்தமாக உட்கார்ந்தது? ஹெல்மெட்டுக்குள் வாய் தெரியாது, அதனால்தான் என்பேன். டப்பிங்கில் பெரிய தொல்லை உதடுதான். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் முடிகிற வசனம் தமிழில் வினைமுற்றோடு நீண்டுவிடும். நடிகர் வாயை மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். ஹெல்மெட் போட்டவனுக்கு அந்தக் கவலை இல்லை. கை அசைகிற வரைக்கும் பேசலாம். வசனம் எழுதுபவர் தாராளமாக எழுதினார், குரல் கொடுப்பவர் மூச்சு விட்டுப் பேசினார். நான் பாடம் எடுத்த வகுப்புப் பையன்கள் பென்சிலை ஓங்கிக்கொண்டு பேசிய வசனங்களில் ஒரு சொல்கூட மொழிபெயர்ப்பு வாடை அடித்ததில்லை.

ஹன்னா-பார்பெரா படங்களுக்கும் இதே அதிர்ஷ்டம் உண்டு. எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை 1957-இல் மூடியதும் ஹன்னாவும் பார்பெராவும் டிவிக்கு வந்தார்கள். பணம் குறைவு. ஆகவே உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் மாற்றி வரைந்தார்கள். யோகி கரடிக்கு ஏன் காலரும் டையும்? கழுத்தில் ஒரு கோடு இருந்தால் அதற்கு மேலே தலையை மட்டும் தனித் தாளில் வரைந்து மாற்றிக்கொண்டே இருக்கலாம். இனி அந்தப் படங்களைப் பார்க்கும்போது கழுத்தைக் கவனி, பாத்திரத்துக்குப் பாத்திரம் காலரோ டையோ பட்டையோ ஏதாவது ஒன்று கிடைக்கும். வாய்க்கும் சில வடிவங்கள்தான். திறந்து மூடுகிற அந்த வாய்க்கு எந்த மொழியைக் கொடுத்தாலும் பொருந்தும். ஆங்கில உச்சரிப்புக்கு அச்சாக உதடு வரைந்த டிஸ்னியின் பெரிய படங்களுக்குத் தமிழ் கொடுப்பது பெரும்பாடு. சிக்கனமாக வரைந்த படங்களில்தான் தமிழ் சுகமாகக் குடியேறியது என்று நான் பல காலமாகச் சொல்லி வருகிறேன். இதை யாராவது முறையாக ஆராய வேண்டும். நீயே செய்யலாம்.

பெயர் மாற்றத்துக்கு வருகிறேன். 2009 நவம்பரில் பலகை மாறியது. 2010 மே மாதம் சபான் பவர் ரேஞ்சர்ஸை டிஸ்னியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் புதுப் பாகம் அமெரிக்காவில் நிக்கலோடியனில் வந்தது. பலகை மாறியதற்கும் அந்த விற்பனைக்கும் இடையில் ஆறே மாதம். புதுப் பெயரோடு வந்த சேனலுக்கு அந்தத் தொடரின் அடுத்த பாகம் கிடைக்க வழியே இல்லாமல் போயிற்று. பையன்கள் கண்ணில் பட்டது லோகோ. கிடங்கைவிட்டுப் போனது சரக்கு. லோகோ மாறாமலே இருந்திருந்தாலும் அது போயிருக்கும்.

அடுத்து உன் கட்டுரையில் எனக்குக் கோபமே வந்த இடம். ‘2000-களில் சென்னைப் பிள்ளைகள் எல்லோரும்’ என்று தொடங்குகிறாய். எல்லோரும் என்றால் யார்? கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்த நீ இப்படி எழுதலாமா?

2003 செப்டம்பர் முதல் தேதி நீ கைக்குழந்தை. கட்டண சேனல்களை செட்டாப் பாக்ஸ் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற சட்டம், ‘கேஸ்’ என்று சொல்வார்கள், நான்கு பெருநகரங்களுக்குமென்று கொண்டுவரப்பட்டது. டில்லி, மும்பை, கொல்கத்தாவில் தள்ளிப்போட்டார்கள். அங்கே சில பகுதிகளுக்கு அது வந்தது 2006 முடிவில்தான். நடைமுறைக்கு வந்த ஒரே நகரம் சென்னை. குறைந்தது முப்பது இலவச சேனல்கள், மாதம் 72 ரூபாய், வரி தனி. கட்டண சேனல் வேண்டுமானால் பெட்டி வாங்க வேண்டும். பெட்டி சில ஆயிரம் ரூபாய். தமிழ்ப் படமும் சீரியலும் இலவச வரிசையிலேயே வந்துகொண்டிருந்தன. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் பிள்ளையின் கார்ட்டூனுக்காக யார் பெட்டி வாங்குவார்கள்? கார்ட்டூன் நெட்வொர்க் கட்டண சேனல். ஒரே நாளில் அந்த எண்ணில் வெள்ளைப் புள்ளிகளும் இரைச்சலும்தான் மிஞ்சின. எங்கள் தெருவில் ஒரு வருஷம் முழுக்கப் பிள்ளைகள் அந்த எண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள்.

இதன் விளைவை யோசித்தாயா? மதுரையிலும் கோவையிலும் அந்தச் சட்டம் இல்லை. மதுரைப் பிள்ளைக்குக் கேபிளில் தானாக வந்த கார்ட்டூன், தலைநகரத்துப் பிள்ளைக்குப் பெட்டி வைத்தால்தான் வந்தது. டூன் டிஸ்னி 2004-இல் பிறந்தபோதும் சென்னையில் இந்த ஏற்பாடுதான். பிற்பாடு டிடிஎச் குடைகள் மாடிகளில் முளைத்ததும் நிலைமை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. பக்கத்து எழில் நகரில் 2006-க்குப் பின் அரசு கொடுத்த கலர் டிவியில்தான் பல வீட்டுப் பிள்ளைகள் முதன்முதலாகச் சொந்த வீட்டில் படம் பார்த்தார்கள். அவர்களுக்கு டூன் டிஸ்னி வீழ்ந்த கதை இல்லை. அது வந்து சேராத கதை. அதை எழுத உன்னைவிட்டால் ஆள் யார்?

பெட்டி வருவதற்கு முன்பிருந்த கேபிள்காரர் அறையை நீ பார்த்திருக்க வேண்டும். எங்கள் தெருமுனை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. இரும்புச் சட்டத்தில் அடுக்கடுக்காக ரிசீவர்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளை டேப் ஒட்டி பேனாவால் சேனல் பெயர். சூடு தாங்காமல் எதிரே இரண்டு மேஜை விசிறி. விண்ணிலிருந்து ஒரே படத்தோடு நாலைந்து மொழி ஒலிகள் இறங்கும். எந்த ஒலியைக் கம்பியில் விடுவது என்பது ரிசீவரில் வைப்பதுதான். இவர் விரல் தமிழுக்குத் தள்ளினால் தெரு முழுக்கத் தமிழ். மின்சாரம் போய் வந்தால் சில நேரம் ரிசீவர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். உடனே கீழே பிள்ளைகள் வந்து நின்றுகொண்டு ‘அண்ணா, தமிழ் போடுங்கண்ணா’ என்று கத்துவார்கள். அவர் விசிறியைத் தள்ளி வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார். தமிழ் கார்ட்டூன் வரலாற்றில் இந்த மனிதருக்கு ஒரு பத்திகூடக் கொடுக்காமல் லோகோவுக்கு மூன்று பக்கம் கொடுத்திருக்கிறாய்.

மற்ற இரண்டு பெயர் மாற்றங்களையும் இப்படியே விசாரித்துப் பார். மார்வெல் எச்க்யூ வந்தது 2019 ஜனவரி 20. பன்னிரண்டு நாள் கழித்து, பிப்ரவரி முதல் தேதி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதுக் கட்டண முறை வந்தது. நூறு சேனலுக்கு 130 ரூபாய், வரி தனி. கட்டண சேனலுக்கு அதற்கு மேல் தனித்தனி விலை. வீட்டுக்கு வீடு பட்டியலை வைத்துக்கொண்டு எதை வெட்டலாம் என்று உட்கார்ந்தார்கள். புதுப் பெயரில் வந்த பிள்ளைகள் சேனலைக் கேட்டு வாங்க அந்த வீட்டில் யாருக்கு அது தெரிந்திருக்கும்? பெயர் மாற்றத்தால் கேடு வந்தது என்று சொல்ல ஓர் இடம் வேண்டுமென்றால் இதைச் சொல், ஒப்புக்கொள்கிறேன். 2022 மாற்றத்தில் பேச அதிகம் இல்லை. மார்வெல் என்ற பெயரை விட்டுவிட்டு, 2006-இல் யூடிவியிடம் வாங்கிய ஹங்காமாவின் பெயரையே இதற்கும் கொடுத்துவிட்டார்கள். 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்திய டிவி வியாபாரம் ரிலையன்ஸோடு சேர்ந்து ஜியோஸ்டார் ஆனது. இத்தனை காலம் போட்டி போட்ட நிக்கலோடியனும் ஹங்காமாவும் இன்று ஒரே வீட்டில்.

சுட்டி டிவியை உன் கட்டுரையில் அடிக்குறிப்பில் தள்ளியிருக்கிறாய். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. 2007-இல் வந்த அது தமிழுக்கென்றே பிறந்த பிள்ளைகள் சேனல். டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசிய விதத்தை இன்றும் உன் வயதுக்காரர்கள் நடித்துக் காட்டுகிறார்கள். அந்தக் குரல்கள் யாருடையவை என்று பலருக்கும் தெரியாது. படத்தின் கடைசியில் ஆங்கிலப் பெயர்கள் ஓடும், தமிழ்க் குரல் கொடுத்தவர் பெயர் வராது. அவர்கள் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் ஒலிக்கூடங்களில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். வயதாகிக்கொண்டிருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது குரல்பதிவுக் கருவியோடு வா. டப்பிங் சங்கத்தில் விசாரித்தால் ஆளைக் காட்டுவார்கள். ஹெல்மெட் விஷயத்தையும் அவர்களிடம் கேள், என் பெயரைச் சொல்லாமல் கேள். அப்போதுதான் அவர்களாக என்ன நினைக்கிறார்கள் என்று தெரியும்.

அடுத்த வரைவில் கேபிள்காரரை முதல் பத்திக்குக் கொண்டு வா. அப்புறம் 2003, அப்புறம் 2010. பெயர் மாற்றம் நான்காம் பக்கத்தில் வந்தால் போதும். ‘எல்லோரும்’ என்ற சொல்லைக் கண்ட இடத்தில் எல்லாம் அடித்துவிடு. பொங்கலுக்கு முன் அனுப்பிவிட்டாயானால் நான் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்ப வசதியாக இருக்கும்.

அன்புடன்,
உன் ஐயா