ஹாஷ்மேப்பில் இரண்டு மேரிகள்

ஜாவா கணினி மொழியில் 1998 முதல் உள்ள ஹாஷ்மேப், ஒரு திறவுகோலையும் அதற்குரிய மதிப்பையும் இணைத்து வைக்கும் ஏற்பாடாகும். வகுப்பின் மதிப்பெண்களை அதில் பதிவதாகக் கொள்வோம். பெயரே திறவுகோல். 'புட்' கட்டளையால் மேரிக்கு 82 என்று இடுகிறோம். பின்னர் 'கெட்' கட்டளையால் மேரி என்று கேட்டால், பெயரின் எழுத்துகளிலிருந்து ஓர் எண்ணைக் கணித்து, நேரே உரிய இடத்தை அடைந்து 82-ஐத் தருகிறது.

ஆனால் வகுப்பில் இன்னொரு மேரியும் இருக்கிறாளே! (நம் பள்ளியில் எந்த வகுப்பில்தான் இல்லை?) அவளுக்கு 47 என்று இட்டதும் முந்தைய 82 மறைந்துவிடும். ஜாவா பிழையென்று கூறாது. ஒரு திறவுகோலுக்கு ஒரே மதிப்பு என்பது அதன் விதி. முதல் மேரியின் பெற்றோர் வந்து கேட்டாலும் 47 என்றே விடை வரும். ஆகவே பெயரை விடுத்து, ஒருவருக்கு மட்டுமே உரிய பதிவெண்ணைத் திறவுகோலாக்குவோம். அதை வரிசைப்படி அச்சிட ஹாஷ்மேப் உதவாது, ட்ரீமேப் வேண்டும்.