பட்டுத்தறியும் சிறார் சட்டமும்

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டுக்கும் நெல்லுக்கும் பெயர்பெற்ற நகரமாகும். ஆரணியிலும், அதனைச் சூழ்ந்த ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய ஊர்களிலும் நெய்யப்படும் பட்டுச்சேலைகள் தமிழகத்து மணவீடுகளை அணிசெய்வன. அச்சேலைகளின் அழகைப் பாராட்டுவோர் பலர். அவற்றை நெய்தற்குத் துணைநின்ற சிறுகைகளை நினைப்போர் சிலரே. அக்கைகளைக் காத்தற்பொருட்டு எழுந்த சட்டங்கள் யாவை, அவை எத்துணைப் பயன் தந்தன, எவ்விடத்தே தயங்கி நின்றன என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் சட்டம் பயில்வோமல்லேம், தமிழ் பயில்வோம். ஆதலின் அச்சட்டங்களில் அமைந்த கருத்துக்கள் மூன்றனைத் தமிழ்ச் சொற்களாற் குறித்துக்கொண்டு, சொற்பொருள் காணும் முறையிலேயே இவ்வாராய்ச்சியை நடத்தப் புகுகின்றோம். அச்சொற்கள் குழந்தை, அடகு, குடும்பம் என்பன. சட்டமொன்றின் வலிமையும் மெலிவும் அதனுள் அமைந்த சொல்லின் எல்லையைப் பொறுத்தன என்பது இதனாற் புலப்படும்.

தறியின் இயல்பு

முதற்கண் தறியின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். கைத்தறிப் பட்டு பெரும்பாலும் நெய்வோர் வீட்டிலேயே நெய்யப்படுவது. நெய்வோன் குழியிற் கால்களை இறக்கி மிதிகளை மிதித்தவண்ணம் அமர்ந்திருப்பான். சேலையின் உடல் ஒரு நிறமும் கரை மற்றொரு நிறமுமாக அமைவதைக் கோர்வை என்பர். அதற்கு உடலுக்கு ஒன்றும், இரு கரைகளுக்கு இரண்டுமாக நாடா மூன்று வேண்டும். மூன்றையும் ஒருவனே இயக்குதல் அரிது. ஆதலின் ஒரு பக்கத்துக் கரைநாடாவைத் தள்ளித் தருதற்குத் துணையாள் ஒருவர் தறியருகே அமர்வர். இத்துணைவேலைக்கும், தார் சுற்றுதல், அறுந்த இழையை முடிதல் முதலிய வேலைகளுக்கும் நெடுங்காலம் சிறுவர் சிறுமியரே அமர்த்தப்பட்டனர். ஒளி குன்றிய அறையில் ஓரிடத்திலேயே நாள்முழுதும் அமர்ந்து, மெல்லிய இழையையே நோக்கியிருத்தலாற் கண்ணும் முதுகும் தளர்வது இயல்பேயாம். அதனினும் பெரிய இழப்பு, அச்சிறுவர் பள்ளியைக் காணாமலே வளர்ந்தமையாகும்.

குழந்தை

தொல்காப்பியர் மரபியலில் இளமைப்பெயர் ஒன்பது கூறி, அவற்றுள் குழவி, மகவு என்னும் இரண்டனையே மக்கட்கு உரியனவாக வகுத்தார். அவர் வகுத்தது இனம் பற்றியே, ஆண்டுக்கணக்குப் பற்றியன்று. சட்டமோ ஆண்டைக் கொண்டே அளக்கும். நம் நாட்டில் 1881-ஆம் ஆண்டில் எழுந்த முதல் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயது நிரம்பாத பிள்ளையை ஆலையில் அமர்த்தலாகாது என்றது. ஏழு நிரம்பியதாயின் அமர்த்தலாம் என்பது அதன் மறுபக்கப் பொருளன்றோ? அவ்வெல்லை 1891-இல் ஒன்பதாகவும், 1922-இல் பன்னிரண்டாகவும், 1948-இல் பதினான்காகவும் உயர்ந்தது. ஏழிலிருந்து பதினான்கை எய்துதற்கு அறுபத்தேழு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இவையெல்லாம் ஆலைக்கே உரிய சட்டங்கள். 1881-ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திர விசை பொருந்திய, நூறு பேர்க்குக் குறையாத ஆலைகளையே நோக்கிற்று. ஆரணித் தெருவில் வீட்டுத் திண்ணையை அடுத்த அறையில் ஓடிய தறி அதன் கண்ணிற் படவில்லை.

பட்டுக்கு இத்தகைய விலக்கு அளித்தல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நெசவாலைகளில் அமர்த்தலாகாது என்று விதித்தபொழுது, பட்டாலைகளை மட்டும் அவ்விதியினின்றும் நீக்கிற்று. மெல்லிய பட்டிழையைக் கையாளுதற்கு மெல்லிய விரல் வேண்டும் என்பது அக்காலத்து ஆலைத்தலைவர் கூற்று. அதே கூற்றைப் பல தலைமுறைகள் கழிந்தும் நம் தறிவீடுகளிற் கேட்க நேர்ந்தது. பட்டு மெல்லியதாதலின் அதற்கு மெல்லிய விரல் வேண்டும் என்போர், அவ்விரல் யாருடையது என்பதை மறந்துவிடுகின்றனர்.

அடகு

ஏழைச் சிறுவன் தறிக்கு வந்தது எவ்வாறு? கூலிக்கு வந்தவனாயின், வேண்டாதபொழுது விட்டுச் செல்லலாம். அவன் அங்ஙனம் வந்தவனல்லன். முன்பணத்திற்கு ஈடாக வந்தவன். வீட்டில் நோயோ, மணமோ, மழையின்மையோ நேர்ந்தபொழுது தந்தை தறிக்காரரிடம் ஒரு தொகை பெற்று, மகனையோ மகளையோ வேலைக்கு விடுவான். பிள்ளைக்கு அளிக்கப்படும் கூலி மிகச் சிறிது. முன்பணம் அதனாற் குறைவதில்லை. முழுதும் ஒருங்கே திருப்பித் தந்தாலன்றிப் பிள்ளைக்கு விடுதலை இல்லை. வேறொரு தறிக்குப் போக விரும்பினால், புதிய தறிக்காரர் பழையவர்க்குப் பணத்தைக் கட்டி, அக்கடனைத் தம் பெயர்க்கு மாற்றிக்கொள்வார். பிள்ளை இடம் மாறும், கடன் மாறாது.

இதற்கு ஒப்பான ஒன்று நம் நிலவழக்கில் உண்டு. கடன் கொடுத்தவன் வட்டிக்கு ஈடாக நிலத்தின் விளைவைத் துய்த்து வருவதும், முதலைத் திருப்பித் தரும்வரை நிலம் அவன் கையிலேயே இருப்பதுமாகிய முறையை ஒற்றி என்பர். அம்முறையில் நிலத்திற்குப் பதிலாகக் குழந்தையை வைத்ததே இவ்வழக்கம். நிலம் ஒற்றியில் இருந்தாலும் நிலமாகவே மீளும். குழந்தையோ ஒற்றியினின்றும் மீளும்பொழுது குழந்தையாக மீளுவதில்லை. இளமை கழிந்தே மீளும்.

இதனை அரசு அறிந்திலதென்று கூற இயலாது. 1929-இல் விட்லி என்பாரைத் தலைவராகக் கொண்டு அமைக்கப்பட்ட இந்தியத் தொழிலாளர் ராயல் கமிஷன் 1931-இல் அறிக்கை வெளியிட்டது. பெற்றோர் முன்பணம் பெற்றுப் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தை அது எடுத்துக்காட்டிற்று. அதன் பயனாக 1933-இல் குழந்தை உழைப்பு அடகுச் சட்டம் பிறந்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம், எழுத்தாலாயினும் வாய்ச்சொல்லாலாயினும் செல்லாது என்பது அச்சட்டத்தின் விதி. அடகு வைத்த பெற்றோர்க்கு ஐம்பது ரூபாய் வரையிலும், அடகு கொண்டவர்க்கு இருநூறு ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க அது இடந்தந்தது.

அச்சட்டத்தில் யாம் பெரிதும் மதிப்பது வேறொரு பகுதியாகும். எவ்வொப்பந்தம் அடகன்று என்பதையும் அது வரையறுத்தது. பிள்ளைக்குத் தீங்கு பயவாததாய், தகுந்த கூலியன்றி வேறு பயன் கருதாததாய், ஒரு வாரத்திற்கு மேற்படாத அறிவிப்பால் விட்டு நீங்கத்தக்கதாய் இருப்பதே அடகன்று என்பது அதன் கருத்து. எழுந்து செல்லும் உரிமை இருக்குமிடத்து வேலை, இல்லாதவிடத்து அடகு. இதனினும் தெளிவாக வேற்றுமை காட்டல் அரிது.

அங்ஙனமாயினும் கடனைத் தொடாமல் ஒப்பந்தத்தை மட்டும் செல்லாதாக்கிய சட்டம் வேரை விட்டுக் கிளையை வெட்டியது போலாயிற்று. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமே வேரைத் தொட்டது. அச்சட்டப்படி அடிமை உழைப்புக்கு ஈடாக வைக்கப்பட்ட கடன் முழுதும் அழிந்தொழியும். அதனை வசூலிக்க எவர்க்கும் உரிமையில்லை. மீறுவோர்க்கு மூன்றாண்டுவரை சிறை உண்டு. மாவட்டத் தலைவர்க்கே இதனை நிறைவேற்றும் பொறுப்பு அளிக்கப்பட்டது. ஆயினும் 2003-ஆம் ஆண்டில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் அமைப்பு பட்டுத்தொழிலைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரம் முதலிய இடங்களில் முன்பணத்திற் பிணிப்புண்ட பிள்ளைகளைக் கண்டு கூறிற்று. எழுபதாண்டுகள் கழிந்தும் அடகு ஒழிந்தபாடில்லை. அஃது ஏன்?

குடும்பம்

இவ்வினாவிற்கு விடை மூன்றாவது சொல்லில் உள்ளது. 1938-ஆம் ஆண்டுக் குழந்தைகள் வேலைச் சட்டம், துணி நெய்தல், சாயமிடுதல் முதலிய தொழிற்கூடங்களில் பன்னிரண்டு வயது நிரம்பாதவரை அமர்த்தலாகாது என்றது. ஆனால் கூலியாளின்றிக் குடும்பத்தார் துணைகொண்டு மட்டும் நடத்தும் தொழிற்கூடத்திற்கு விலக்கு அளித்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் வயதெல்லையைப் பதினான்காக வரையறுத்தது. நெசவையும் பட்டியலிற் சேர்த்தது. ஆயினும் குடும்பத்திற்குரிய விலக்கை விடவில்லை. நெசவோ குடும்பத் தொழில். தறியோ வீட்டினுள் இருப்பது. வீட்டுக்குள் அமர்ந்திருக்கும் பிள்ளை எவருடையது என்று கேட்டால், 'உறவுப் பிள்ளை' என்னும் ஒரு விடை போதுமானதாயிற்று.

இவ்விடத்தே இச்சட்டங்களின் இலக்கணத்தை உற்றுநோக்குதல் நன்று. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பம் என்பதைத் தொழிற்கூடம் உடையவரை நடுவாக வைத்து வரையறுத்தது: அவர், அவருடைய மனைவி அல்லது கணவர், அவர்களின் மக்கள், அவருடன் பிறந்தோர் என்பது அதன் வகை. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று முழுதும் தடுத்ததோடு, குடும்பத்தையும் குழந்தையை நடுவாக வைத்து வரையறுத்தது: குழந்தையின் தாய், தந்தை, உடன்பிறந்தோர், தாய் தந்தையரின் உடன்பிறந்தோர் என்பது புதிய வகை. பள்ளி நேரம் கழிந்த பின்னும் விடுமுறையிலும், கல்விக்கு ஊறு நேராதவாறு, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்பதே இன்றுள்ள விலக்கு. நடுவிடம் முதலாளியிடமிருந்து குழந்தைக்கு மாறியது சிறிய மாற்றம் போலத் தோன்றினும், உண்மையிற் பெரிது. 'இத்தறி யாருடையது?' என்று கேட்ட சட்டம், இப்பொழுது 'இக்குழந்தை யாருடையது? இது பள்ளிக்குச் சென்றதா?' என்று கேட்கின்றது.

கொத்தடிமை என்னும் நம் சொல்லுக்கே குடும்பத்தோடு அடிமைப்படுதல் என்னும் பொருள் உண்டு. குடும்பம் முழுதும் கடனிற் பட்டதாயின், குழந்தையை மட்டும் பிரித்து மீட்டல் இயலாது. இதனை உச்ச நீதிமன்றம் நன்குணர்ந்தது. சிவகாசித் தொழிற்சாலைகளிற் பணிபுரிந்த பிள்ளைகளைப் பற்றித் தமிழ்நாட்டினின்றும் எழுந்த வழக்கில், 1996 டிசம்பர் 10-ஆம் நாள் அந்நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிற்று. சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியிற் செலுத்த வேண்டும். குடும்பத்தில் வயதுவந்த ஒருவர்க்கு வேலை தர வேண்டும், தர இயலாவிடின் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். பிள்ளை பள்ளிக்குச் செல்லும்வரை அத்தொகையின் வருவாய் குடும்பத்தைச் சேரும் என்பது தீர்ப்பு.

மறுப்பும் விடையும்

இனி, நெசவாளர் பக்கத்தினின்றும் எழும் ஒரு மறுப்பையும் நடுநிலையோடு நோக்குவாம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. இளமையிற் கல்லாதவன் கைக்குத் தறி பணியாது. பிள்ளைகளை விலக்கினால் ஆரணிப் பட்டே அழிந்துவிடும் என்பர். கைத்தொழில் இளமையிற் பழகத்தக்கது என்பதை யாம் மறுக்கவில்லை. மாலையில் தந்தையின் தறியருகே அமர்ந்து இழை முடியக் கற்கும் மகன் தொழிலுக்கு உரியவனாகின்றான். முன்பணத்திற்கு ஈடாகப் பிறர் தறியில் நாள்முழுதும் கரைநாடா தள்ளும் சிறுவனோ, பல ஆண்டுகள் கழிந்தும் நாடா தள்ளுவதையே அறிவான். தறியும் அவனுக்குரியதாகாது, எழுத்தும் அவனுக்குரியதாகாது. முன்னது கல்வி, பின்னது அடகு.

நெசவாளரையே பழித்தலும் முறையன்று. பட்டும் சரிகையும் பெரும்பாலும் வணிகர் தருவன. நெய்வோரிற் பலர் வணிகரிடம் முன்பணம் பெற்றுத் தாமே கடனிற் கட்டுண்டவர். கட்டுண்டவன் தன்னினும் மெலியவனைக் கட்டுகின்றான். ஆதலின் நெய்வோர்க்குக் கடனுதவியும் சந்தையும் தரும் கூட்டுறவுச் சங்கங்கள் வலிமையுறுதல் சிறாரைக் காக்கும் சட்டத்திற்கு உற்ற துணையாகும்.

முடிவுரை

சட்டம் தனித்து நின்று வென்றதில்லை. பள்ளியில் உணவிட்ட 1956-ஆம் ஆண்டுத் திட்டமும், 1982-இல் விரிந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலையுணவும், 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமும் பிள்ளைகளைத் தறியினின்றும் பலகைக்கு அழைத்தன. நாடு முழுதும் 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.26 கோடியாக இருந்த உழைக்கும் சிறார் தொகை, 2011-இல் ஏறத்தாழ ஒரு கோடியாகக் குறைந்தது. குறைந்தது உண்மை, எஞ்சியதும் உண்மை.

மாணவ நண்பர்களே! நம் வீட்டு மணங்களுக்குப் பட்டு வாங்குவோர் நாமே. நம்மிற் சிலர் நெசவூர்களிற் பிறந்தவர். சிலர் நாளை ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் அதிகாரிகளாகவும் ஆகப்போகின்றவர். வீட்டுக்கதவைத் தாண்டி உள்ளே நோக்குதல் அதிகாரிக்கு அரிது, அயலார்க்கு எளிது. பள்ளி நேரத்திற் பிள்ளையொன்று தறியருகே அமர்ந்திருக்கக் கண்டால் மூன்று வினாக்கள் போதும்: இது பள்ளியிற் பயில்கின்றதா? இதன் பேரிற் கடன் உண்டா? இது நாளை எழுந்து செல்லலாமா? விடை தீதாயின் 1098 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவித்தல் நம் கடன்.

குழந்தை என்பதற்கு வயது வரைந்தது சட்டம். அடகு என்பதைச் செல்லாதாக்கியது சட்டம். குடும்பம் என்பதற்கு எல்லை இட்டதும் சட்டமே. அவ்வெல்லைக்குள் அன்பையும் கல்வியையும் நிரப்புதல் சட்டத்தால் ஆவதன்று. அது நம் கையிலுள்ளது.