காற்றாலைத் திட்டமும் அரசாங்கப் பரிசீலனையும்: ஷெட்லாந்துத் தீவின் எடுத்துக்காட்டு

காற்றின் விசையைக் கொண்டு மின்சாரம் உண்டாக்குவதில் பொறியியலைச் சார்ந்த இடர்ப்பாடுகள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. ஒரு குறிப்பிட்ட குன்றின்மீது இத்தனை காற்றாலைகளை நிறுவலாமா, கூடாதா என்று முடிவு செய்வதே இப்பொழுது கடினமான காரியமாக இருக்கின்றது. இப்பொறுப்பு அரசாங்கத்தைச் சேர்ந்தது. விண்ணப்பதாரர் அளிக்கும் கணக்குகளையும், அவற்றை மறுப்போர் அளிக்கும் கணக்குகளையும் அரசாங்கம் எவ்வாறு எடைபோடுகின்றது என்பதை அறிய, ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் அமைந்துள்ள ஷெட்லாந்துத் தீவின் 'வைக்கிங்' காற்றாலைப் பண்ணை நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அதற்கான விண்ணப்பம் 2009ஆம் ஆண்டில் கொடுக்கப்பட்டது. பண்ணை முழு அளவில் இயங்கத் தொடங்கியது 2024ஆம் ஆண்டில்.

ஷெட்லாந்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அங்குள்ள காற்றேயாகும். காற்றிலிருந்து பெறத்தக்க ஆற்றல், அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி உயர்கின்றது. விநாடிக்கு 6 மீட்டர் வேகமுள்ள காற்றைவிட 9 மீட்டர் வேகமுள்ள காற்று ஒன்றரை மடங்குதான் விரைவானது. ஆனால் அதன் ஆற்றலோ ஏறக்குறைய 3.4 மடங்கு. அத்தீவின் தலைநகரான லெர்விக்குக்கு அருகே பர்ராடேல் என்னுமிடத்தில் நிறுவப்பட்ட ஐந்து சிறிய காற்றாலைகள், அவற்றின் முழுத்திறனில் நூற்றுக்கு 50க்கும் மேற்பட்ட அளவு மின்சாரத்தை ஆண்டுச் சராசரியாக அளித்து வந்தன. நிலத்தின்மீது அமைந்த காற்றாலைகளுக்கு இது மிகவும் அரிய அளவு. இத்தகைய காற்றை வீணே போகவிடலாமா என்று பொறியியலார் கேட்டதில் வியப்பில்லை.

ஸ்காட்லாந்தில் 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட மின் நிலையம் எதுவாயினும், 1989ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 36ஆம் பிரிவின்படி ஸ்காட்லாந்து அமைச்சர்களின் இசைவைப் பெற வேண்டும். உள்ளூர் ஆட்சி மன்றம் எதிர்ப்புத் தெரிவிக்குமாயின் பொது விசாரணை நடத்துவது அந்நாளில் கட்டாயமாயிருந்தது. அது எதிர்க்காவிடில், விசாரணை வேண்டுமா என்பதை அமைச்சர்களே தீர்மானிக்கலாம். ஷெட்லாந்துத் தீவு மன்றம் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. ஆகவே பொது விசாரணையின்றியே 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் இசைவு வழங்கப்பட்டது. இங்கு ஒரு செய்தியையும் குறிப்பிடுதல் நலம். எண்ணெய்த் தொழிலின் வருவாயால் வளர்ந்த ஷெட்லாந்து அறக்கட்டளை நிதியே இத்திட்டத்தில் நூற்றுக்கு 45 பங்கை உடையதாயிருந்தது. தீவின் பொதுப்பணம் ஒரு திட்டத்தில் முதலீடாக இருக்கும்பொழுது, அத்தீவின் மன்றம் அதனை ஆராய்வது எத்துணை நடுநிலையாயினும், ஐயத்திற்கு இடமளித்தே தீரும்.

முதல் விண்ணப்பத்தில் 150 காற்றாலைகள் கேட்கப்பட்டன. எதிர்ப்புகளைக் கண்டு 2010ஆம் ஆண்டில் அத்தொகை 127 ஆகக் குறைக்கப்பட்டது. அமைச்சர்கள் அதிலும் 24ஐ நீக்கி 103க்கே இசைந்தனர். நீக்கப்பட்டவை டெல்டிங் பகுதியைச் சேர்ந்தவை. ஸ்காட்ஸ்டா விமான நிலையத்திற்கு அவை இடையூறாகும் என்பது காரணம். அந்த விமான நிலையம் 2020ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது! பரிசீலனை என்பது அந்நாளில் உள்ள நிலைமையை வைத்துச் செய்யப்படுவது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

அடுத்து மண்ணைப் பற்றிய வினா. ஷெட்லாந்தின் குன்றுகள் 'பீட்' என்னும் கரிய, ஈரமிக்க மண்ணால் போர்த்தப்பட்டவை. பாசியும் புல்லும் முற்றும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டானது இம்மண். இதனைத் தோண்டி, வடிகால் வெட்டி, பாதை அமைத்தால் மண் உலர்ந்து காற்றுடன் கலந்து கரியமிலவாயுவை வெளிவிடும். கரியமிலவாயுவைக் குறைப்பதற்காக அமைக்கப்படும் நிலையமே அதனை வெளியிடக் காரணமாவது விந்தையன்றோ? ஆகவே, தோண்டுவதால் வெளிப்படும் வாயுவை, நிலக்கரியையும் எரிவாயுவையும் எரிக்காமல் மிச்சப்படுத்தும் வாயு எத்தனை ஆண்டுகளில் ஈடுசெய்யும் என்று கணிக்க வேண்டும். இக்கணிப்பில் விடையைப் பெரிதும் மாற்றுவது ஒரே ஓர் எடுகோள்: அந்த பீட் நிலம் இப்பொழுது நலமாக இருக்கின்றதா, முன்னமே அரிக்கப்பட்டுச் சீர்கெட்டு வருகின்றதா என்பது. நலமான நிலமெனின் இழப்பு முழுவதும் காற்றாலையைச் சேரும். சீர்கெட்ட நிலமெனின் அவ்விழப்பில் ஒரு பகுதி எவ்விதத்திலும் நேரக்கூடியதே. இரு தரப்பாரும் ஒரே குன்றைப் பார்த்து வெவ்வேறு ஆண்டுக்கணக்கைக் கூறுவதற்கு இதுவே வழி.

எனினும் வழக்கு மன்றம்வரை சென்றது மண்ணன்று, ஒரு பறவை. விம்ப்ரெல் என்பது நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகையுடைய கரைப்பறவை. இவ்வினத்தைச் சேர்ந்த பறவைகள் குளிர்காலத்தில் நம் நாட்டுக் கடற்கரைகளுக்கும் வருவதுண்டு. கோடியக்கரையில் அவற்றைக் காணலாம். ஷெட்லாந்தில் முட்டையிடுபவை மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்பவை. பரிசீலனைக் காலத்தில் பிரிட்டனில் கூடுகட்டும் விம்ப்ரெல் இணைகள் ஏறத்தாழ 290. அவற்றுள் நூற்றுக்கு 95 ஷெட்லாந்தில் இருந்தன. அவற்றின் தொகை குறைந்துகொண்டும் வந்தது. அந்நாளில் ஸ்காட்டிஷ் நாச்சுரல் ஹெரிட்டேஜ் என்று பெயர் பெற்றிருந்த அரசாங்க இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம், இப்பறவைக்கு நேரும் கேடு நாட்டளவில் முக்கியமானது என்று கூறித் திட்டத்தை எதிர்த்தது. அமைச்சர்களோ அதனை ஏற்கவில்லை.

அமைச்சர்கள் எடுத்துக்காட்டிய எண்களை வாசகர் தாமே ஆராய்ந்து பார்க்கலாம். காற்றாலை அலகுகளில் மோதி ஆண்டுதோறும் இறக்கக்கூடிய விம்ப்ரெல்கள் 2.1 என மதிப்பிடப்பட்டது. பிற காரணங்களால் ஆண்டுதோறும் இறப்பவை 72 முதல் 108 வரை. இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் காற்றாலையின் பங்கு மிகச் சிறியதாகத் தோன்றுகின்றது. 290 இணைகளை 580 பறவைகளாகக் கொண்டால் 2.1 என்பது நூற்றுக்கு 0.4க்கும் குறைவே. ஆனால் இவ்வொப்பீடு முழுமையானதன்று. பிற காரணங்களால் நேரும் இறப்புகளைப் பறவைகள் தம் குஞ்சுகளைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டியிருக்கின்றது. தொகை குறைந்து வருவதால், அவ்வீடு ஏற்கெனவே போதவில்லை என்பது தெளிவு. அந்நிலையில் மேலும் 2.1 என்பது வரவினும் செலவு மிகுந்த குடும்பத்தின் மேல் விழும் புதிய செலவைப் போன்றது. செலவு சிறியதாயினும் கடன் அதனால் வளரவே செய்யும்.

மேலும் 2.1 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். பார்வையாளர்கள் குன்றுகளில் அமர்ந்து, அலகுகள் சுழலவிருக்கும் உயரத்தில் எத்தனை பறவைகள் எவ்வளவு நேரம் பறக்கின்றன என்று குறிக்கின்றனர். பறவை சற்றும் விலகாமல் பறந்தால் எத்தனை மோதல்கள் நேரும் என்று அதிலிருந்து கணிக்கின்றனர். பிறகு, பறவைகள் அலகைக் கண்டு விலகிச் செல்வதால் அத்தொகையைக் குறைக்கின்றனர். நூற்றுக்கு 98 விலகிச் செல்லும் எனக் கொண்டால் எஞ்சுவது 2. நூற்றுக்கு 95 எனக் கொண்டால் எஞ்சுவது 5. விலகும் விகிதத்தில் மூன்று குறைந்தால் இறப்பு இரண்டரை மடங்காகின்றது. களத்தில் மாதக்கணக்கில் செய்த கண்காணிப்பைவிட, அலுவலகத்தில் தேர்ந்தெடுக்கும் இவ்வொரு விகிதமே விடையைப் பெரிதும் ஆள்கின்றது. பசமப் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் இருப்பதாலேயே ஓர் எண் நுட்பமானதென்று மயங்கலாகாது.

சஸ்டெய்னபிள் ஷெட்லாந்து என்னும் உள்ளூர்க் குழுவினர் வழக்குத் தொடுத்தனர். 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் நீதிபதி லேடி கிளார்க் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மின் உற்பத்தி உரிமம் இல்லாத நிறுவனத்திற்கு இசைவு வழங்கியது செல்லாது என்றும், ஐரோப்பியக் காட்டுப்பறவைக் கட்டளை விதித்த கடமையை அமைச்சர்கள் முறையாகக் கருதவில்லை என்றும் அவர் கூறினார். 2014ஆம் ஆண்டு ஜூலையில் மேல் அமர்வு இவ்விரண்டையும் மாற்றியது. பறவையைப் பற்றிய வினா மட்டும் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்திற்குச் சென்று, 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் தள்ளுபடியாயிற்று. நீதிமன்றம் பறவைகளை எண்ணவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அமைச்சர்கள் கருத வேண்டியவற்றைக் கருதினரா, அவர்களுடைய முடிவு சட்டத்திற்கு உட்பட்டதா என்பதே அதன் ஆராய்ச்சி. எண்கள் சரியா என்பது நிர்வாகத்தின் பரிசீலனையோடு முடிந்துபோன செய்தி. ஆகையால்தான் அந்நிலையில் பொது விசாரணை நடவாதது ஒரு குறை என்று கருத இடமிருக்கின்றது. நிபுணர்களை எதிரெதிரே அமர்த்திக் குறுக்கு விசாரணை செய்ய வேறு வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை.

தீவிலிருந்து ஸ்காட்லாந்தின் பெருநிலத்திற்கு 600 மெகாவாட் திறனுள்ள நேர்மின்னோட்டக் கம்பிவடத்தை ஏறத்தாழ 260 கிலோமீட்டர் தொலைவுக்குப் பெரும்பாலும் கடலடியில் பதிக்க வேண்டியிருந்தது. அதற்கு 2020ஆம் ஆண்டில்தான் ஒழுங்குமுறை அதிகாரிகளின் ஒப்புதல் கிடைத்தது. 155 மீட்டர் உயரமுள்ள 103 காற்றாலைகள், மொத்தம் 443 மெகாவாட் திறனுடன், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் இயங்கலாயின.

நம் நாட்டின் முறை வேறு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் காற்றாலைகள் இடம்பெறவில்லை. ஆகவே அவ்வறிவிக்கையின்படி முன் இசைவோ, பொதுமக்கள் கருத்துக் கேட்போ தேவைப்படவில்லை. வனநிலமாயின் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். மத்திய அரசு 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஒலியைக் கருதிக் குடியிருப்புகளுக்கு 500 மீட்டருக்குள் காற்றாலை அமைக்கலாகாது என்றன. சாலை, இருப்புப்பாதை முதலியவற்றிலிருந்து விட வேண்டிய தூரத்துக்கு ஒரு சூத்திரமும் வகுத்தன: அச்சின் உயரம், சுழல்வட்ட விட்டத்தின் பாதி, 5 மீட்டர் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை. அச்சு 120 மீட்டர், விட்டம் 140 மீட்டர் எனின் 195 மீட்டர் விட வேண்டும். கோபுரம் சாய்ந்தாலும் சாலையின்மேல் விழாது என்பது இதன் கருத்து. கோபுரத்தின் விழுச்சிக்கு இவ்வாறு சூத்திரம் எழுதலாம். பறவையின் வீழ்ச்சிக்கு அவ்வளவு எளிதில் எழுத இயலாது.

ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் கானமயிலுக்கு நேர்ந்த இன்னல் இதனையே காட்டுகின்றது. உடல் கனத்த அப்பறவைக்கு முன்னோக்கிய பார்வை குறுகியது. மின்கம்பிகளைத் தொலைவிலேயே கண்டு திரும்ப இயலாமல் மோதி இறக்கின்றது. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் நமது உச்ச நீதிமன்றம், ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மேல்நிலைக் கம்பிகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. காற்று மின்சாரத்தையும் சூரிய மின்சாரத்தையும் அந்நிலத்திலிருந்து வெளியே கொண்டுவர இயலாது என்று மத்திய அரசு முறையிட்டது. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் நீதிமன்றம் அப்பொதுத் தடையைத் திரும்பப் பெற்று, எவ்விடத்தில் கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்க இயலும், எவ்விடத்தில் இயலாது என்று இடந்தோறும் ஆராயுமாறு ஒரு நிபுணர் குழுவை நியமித்தது.