ஏலக்காய் பறிப்புக் காலம்: தோட்டக்காரருக்கும் ஓய்வு தேவை

சிலமலை, போடி வட்டார ஏலத்தோட்டக்காரர்களுக்கு ஆகஸ்டு முதல் ஜனவரி வரை ஓயாத பறிப்புக் காலம். பகலில் ஆட்களைக் கவனித்து, இரவில் ஸ்டோரில் கண்விழித்து, மறுநாள் போடி ஏல மையத்திற்கு விரைவோர் பலர். உறக்கம் கெட்டால் கவனம் தவறும். சுமார் 50 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டிய சூடு மிஞ்சினால் பச்சை நிறம் மங்கி விலை குறையும்.

பறித்த காயைக் குவித்து வைத்தாலும் நிறம் கெடும். எனவே, ஸ்டோர் கொள்ளும் அளவிற்கே அன்றாடம் பறித்தல் வேண்டும். தோட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால் இது எளிது. காய் உலர 18 முதல் 24 மணி நேரம் ஆவதால், இரவுக் காவலை இருவர் பங்கிட்டுக் கொள்வது நலம். விழித்திருந்தவர் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டலாகாது. முதல் பறிப்புக்கு முன்பே முறைப் பட்டியலை எழுதி ஸ்டோர் சுவரில் ஒட்டிவிடுக.