விசிறி இல்லாத ஜெட் எஞ்சின்

கேள்வி: ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் ஜெட் எஞ்சின் எப்படி உந்துவிசை தருகிறது?
– மாணவர், ஹட்டன்

பதில்: சாதாரண ஜெட் எஞ்சின், உங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறியைப் போல, சுழலும் தகடுகளால் காற்றை உள்ளே தள்ளி அழுத்துகிறது. அதிவேகத்தில் விசிறியே வேண்டாம். குறுகும் வாயில் பாயும் காற்று தானாகவே அழுந்திச் சூடேறும். ராம்ஜெட் என்னும் இவ்வகை எஞ்சினில் அக்காற்று ஒலிவேகத்துக்குக் கீழே தணிந்த பிறகு எரிபொருள் எரியும். ஒலிவேகத்தின் ஏறத்தாழ ஐந்து மடங்கைத் தாண்டினால், அப்படித் தணிப்பதே தாங்க முடியாத வெப்பத்தைக் கிளப்பிவிடும். ஆகவே ஸ்கிராம்ஜெட் என்னும் மற்றொரு வகையில் காற்று ஒலியை மிஞ்சிய வேகத்திலேயே ஓட, எரிபொருள் சில மில்லிசெக்கன்களுக்குள் எரிந்தாக வேண்டும். சூடான வாயு பின்குழலில் விரிந்து, நுழைந்ததைவிட வேகமாக வெளியேறுவதால் உந்துவிசை பிறக்கிறது.

2016 ஆகஸ்ட் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோ ஏவிய ரொக்கெட்டில், ஐதரசனில் இயங்கும் இரு ஸ்கிராம்ஜெட்டுகள் மாக் 6 (ஒலிவேகத்தின் ஆறு மடங்கு) வேகத்தில் 5 செக்கன்கள் எரிந்தன. நின்ற இடத்திலிருந்து ஸ்கிராம்ஜெட் தானாகக் கிளம்பாது. தொடக்க வேகத்தை ரொக்கெட் போன்ற வேறொன்றுதான் கொடுக்க வேண்டும்.