நலம் காக்கும் நிலப்படம்

1854-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், இலண்டன் மாநகரின் சோகோ என்னும் பகுதியில் காலரா நோய் திடீரெனப் பரவியது. சில நாள்களிலேயே நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கெட்ட காற்றே அந்நோய்க்குக் காரணம் என்று அக்கால மருத்துவர் பலர் நம்பினர். ஜான் சுனோ என்னும் மருத்துவரோ குடிநீரையே ஐயுற்றார். அவர் வீடு வீடாகச் சென்று வினவினார். பிராடு தெருவிலிருந்த அடிகுழாயின் நீரைப் பருகியவர்களே பெரும்பாலும் இறந்தனர் என்று கண்டார். செப்டம்பர் 8-ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர் அவர் வெளியிட்ட நிலப்படத்தில் ஒவ்வோர் இறப்பும் ஒரு சிறு கருங்கோடாகக் குறிக்கப்பட்டிருந்தது. கோடுகள் அக்குழாயைச் சூழ்ந்து அடுக்கடுக்காக நின்றன. அப்படத்தைப் புரிந்துகொள்ள எவருக்கும் நெடிய விளக்கம் தேவைப்படவில்லை.

இன்று இத்தகைய படங்கள் இணையத்தின் வழியே கைப்பேசிக்கே வந்து சேர்கின்றன. கொரோனாத் தொற்றுக் காலத்தில், அமெரிக்காவின் ஜான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தார் 2020 ஜனவரி 22 முதல் 2023 மார்ச்சு 10 வரை உலகப் படம் ஒன்றை நாள்தோறும் புதுப்பித்து வந்தனர். நோயுற்றோர் தொகை பெருகப் பெருக அதிலிருந்த செவ்வட்டங்களும் பெருத்தன. ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. படம் பெரிதாயினும் தெளிவு பெருகிவிடுவதில்லை.

இத்தகைய படம் ஒரு சிற்றூர்ச் செவிலியரின் கைக்கு வந்தால் என்ன நிகழும்? திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் அமைந்த ஜீயபுரத்தை எண்ணிப் பார்க்க. அவ்வூரில் காய்ச்சல் பரவுகிறது என்றும், எத்தெருவின் நீர்த்தொட்டிகளை முதலில் ஆராய்வது எனச் செவிலியர் படத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டும் என்றும் கொள்க. தெருப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் உள்ளன. நண்பகல் வெயிலில் வெளிர்நிறங்கள் மறைகின்றன. விரலால் பெரிதாக்க முயன்றால் படம் வேறோர் ஊருக்கு நழுவுகிறது. நூறு வீடுகள் உள்ள தெருவில் இருபதின்மருக்குக் காய்ச்சல். பத்து வீடுகள் உள்ள தெருவில் அறுவருக்குக் காய்ச்சல். தொகையை மட்டும் காட்டும் படம் முதல் தெருவையே சிவப்பாக்கும். வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் இரண்டாவதே மிகுதியாகத் தாக்குண்டது. செவிலியர் தவறான தெருவுக்குச் சென்றால், மற்றத் தெருவில் கொசு மேலும் சில நாள் பெருகும்.

ஆகவே படத்தை மக்களிடம் அளிக்குமுன் சோதித்தல் வேண்டும். முறை எளியது. செவிலியரிடம் ஒரு வேலையைக் கூறிப் படத்தைக் கொடுப்பர். மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லுமாறு கேட்பர். பிறகு சோதிப்போர் பேசாதிருப்பர். எங்கே தயங்கினார், எங்கே தவறினார், எத்தனை நிமிடம் ஆயின என்று குறித்துக்கொள்வர். பேசாதிருத்தலே இதில் மிகக் கடினம். உதவ நாக்குத் துடிக்கும். 1986-இல் ஜான் புரூக்கு என்பார் இதற்கெனப் பத்து வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்றை அமைத்தார். எனினும் விடையை மட்டும் நம்பலாகாது. நம்மவர் விருந்தினர் மனம் நோகாதிருக்க, “நன்றாக இருக்கிறது” என்று கூறிவிடுவர். அவர்தம் விரலோ படத்தில் வழி தெரியாது அலையும்.

ஐவரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பான்மையான குறைகள் வெளிப்படும் என்று ஜேக்கபு நீல்சன் என்னும் அறிஞர் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். ஆனால் ஐவரும் நகர அலுவலகத்தினராய் இருந்தால் பயன் சிறிதே. செவிலியர், கொசுப்புழு ஒழிப்போர், ஊராட்சிப் பணியாளர், படத்திற் குறிக்கப்படும் தெருவில் வாழ்வோர் ஆகியோரும் வேண்டும். தெருவார் வேறொன்றையும் காட்டுவர்: ஒரு வீட்டின்மேல் புள்ளி விழுந்தால் அயலார் அவ்வீட்டை ஒதுக்குவர். நோயுற்றோர் வீட்டுவாயிலில் அறிவிப்பு ஒட்டும் வழக்கத்தை, உரிய ஆணையின்றிச் செய்யலாகாது என 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. புள்ளியும் அத்தகைய அறிவிப்பே. ஆதலின் பொதுமக்கள் காணும் படத்தில் தெருவளவில் நிறமிட்டு, வீட்டைக் குறிக்கும் புள்ளியைச் செவிலியருக்கு மட்டும் காட்டுதல் ஒரு வழி.

குறைகள் திருத்தப்பட்டபின் படம் மீண்டும் அவ்வூருக்கே செல்லும். முன்னர்ச் சோதித்தோரிடம் அதனைக் கொடுப்பதில்லை, அவர்கள் பழகிப்போயிருப்பர். படத்தை அதுவரை கண்டிராத வேறு ஐவர் தேடப்படுவர்.