ஓடுபாதையில் ஒரு சொல்

1982ஆம் ஆண்டு சனவரி 13 அன்று, வாசிங்டன் விமான நிலையத்தில் கடும் பனிப்பொழிவு. ஏர் புளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 79 பேருடன் புறப்படக் காத்திருந்தது. இறக்கைகளின்மேல் படிந்திருந்த பனி முன்னரே அகற்றப்பட்டிருந்தது. எனினும், பின்னர் ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் காத்திருந்ததில் பனி மீண்டும் படிந்தது. முன்னே நின்ற விமானத்தின் வெப்பக்காற்று அதனை உருக்கிவிடும் என்றெண்ணி, தம் விமானத்தை அதன் அருகே கொண்டுசென்றனர் விமானிகள். உருகிய பனி மீண்டும் உறைந்ததே மிச்சம்.

இதனினும் பெரிய பிழை ஒன்று நிகழ்ந்திருந்தது. எந்திரங்களில் பனி உறையாமல் காக்கும் வெப்ப அமைப்பு இயக்கப்படவில்லை. எந்திரத்தின் முகப்பிலுள்ள காற்றழுத்தத்தையும் பின்புறம் வெளியேறும் வளியின் அழுத்தத்தையும் ஒப்பிட்டு, உந்துவிசையைக் காட்டும் கருவி ஒன்று உண்டு. முகப்பிலிருந்த அதன் உணர்குழாயைப் பனி அடைத்துவிட்டது. கருவி 2.04 எனக் காட்டியது; உண்மை அளவோ ஏறக்குறைய 1.70 மட்டுமே. பொய்யுரைக்கும் கருவி பழுதான கருவியைவிடக் கொடியது. பழுதானதை எவரும் நம்பமாட்டார்.

விமானம் ஓடத் தொடங்கியதும் பிற கருவிகளின் அளவுகள் ஒத்துவராததைத் துணை விமானி கண்டார். இது சரியாகத் தோன்றவில்லையே என ஒருமுறைக்கு மேல் கூறினார். அன்று விமானத்தைச் செலுத்தியவர் அவரே. ஆயினும், புறப்பாட்டைக் கைவிடும் அதிகாரம் தலைமை விமானிக்கே உரியது. அவரோ வேகம் கூடிவருவதைச் சுட்டி, எல்லாம் சரியாகவே உள்ளது என்றார். துணை விமானியின் குரலில் ஐயம் இருந்தது; 'நிறுத்துங்கள்' என்னும் ஏவல் இல்லை. மூத்தவர்முன் கருத்தை வினாவாகவும் தயக்கமாகவும் மென்மையாக்கிச் சொல்லும் வழக்கம் நமக்கும் புதிதன்று.

புறப்பாட்டை நிறுத்துவதற்குரிய காலம் மிகக் குறுகியது. குறித்த வேகத்தைக் கடந்துவிட்டால் எஞ்சிய ஓடுபாதைக்குள் விமானத்தை நிறுத்த இயலாது. வழக்கமாக 30 நொடிகளில் மேலெழ வேண்டிய அவ்விமானம் 45 நொடிகள் ஓடியது. மேலெழுந்தும் உயரம் பெறாமல், அருகிலிருந்த பாலத்தின்மீது மோதிப் பொட்டோமாக் ஆற்றின் உறைபனிக்குள் வீழ்ந்தது. விமானத்தில் 74 பேரும் பாலத்தில் நால்வரும் மாண்டனர்.

எந்திரங்கள் இரண்டும் பழுதின்றியே இருந்தன. பொய்யளவை நம்பிக் குறைத்து வைக்கப்பட்டிருந்த விசைப்பிடிகளை முழுவதும் முன்தள்ளியிருந்தால் கூடுதல் உந்துவிசை கிடைத்திருக்கும். துணை விமானியின் எச்சரிக்கைக்குப் பின்னரும் புறப்பாட்டைத் தொடக்கத்திலேயே கைவிடாததை, விபத்தின் காரணங்களுள் ஒன்றாக அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பதிவுசெய்தது. இளையவர் ஐயத்தை அழுத்தமாகக் கூறவும், மூத்தவர் அதனைச் செவிமடுக்கவும் விமானிகளுக்குப் பயிற்சியளிப்பது அதன்பின் வலுப்பெற்றது.